பயிரின் வாசனையால் வைரஸ் நோயைக் கண்டறிதல்: கொருக்குப்பேட்டைக் காற்றை முன்னிட்டுச் சில குறிப்புகள்

பயிர்களுக்கு உண்டாகும் வியாதிகளுள் வைரஸ் என்னும் விஷ நுண்மங்களால் வருபவை மிகவும் கொடியவை என்பதைக் குடியானவர்கள் அனுபவத்தில் கண்டிருப்பார்கள். பூசணத்தால் வரும் நோய்க்கு மருந்து தெளிக்கலாம். புழு பூச்சிகளைக் கொல்லலாம். ஆனால் வைரஸ் ஒரு செடியினுள் புகுந்துவிட்டால், அதைக் குணப்படுத்துவதற்கு வயலில் உபயோகிக்கத்தக்க மருந்து ஏதும் இன்றுவரை இல்லை. நோய் கண்ட செடியைக் களைந்து மற்றச் செடிகளைக் காப்பதொன்றே வழி. ஆதலால், நோயை எவ்வளவு முன்னதாக அறிகிறோமோ அவ்வளவுக்கு நஷ்டம் குறையும்.

வைரஸ் பீடித்த செடியிலிருந்து வெளிப்படும் வாசனை, ஆரோக்கியமான செடியின் வாசனையினின்றும் வேறுபடுகிறது. இவ்வேறுபாட்டைக் கையில் எடுத்துச் செல்லத்தக்க இரசாயன உணரிகளால் அளந்து, அவ்வளவுகளைக் கணிப்பொறியைக் கொண்டு ஆராய்ந்து, கண்ணுக்குத் தெரியுமுன்பே நோயை அறியும் முறை பல நாடுகளில் ஆராயப்பட்டு வருகிறது. இம்முறையின் தத்துவத்தையும், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் இங்கே கூறுவோம். நம்பத்தக்கதா என்பதை அறிவதற்கு வடசென்னையிலுள்ள கொருக்குப்பேட்டைப் பக்கத்துக் காற்றை உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதன் காரணம் பின்னர் விளங்கும்.

கண்ணுக்குத் தெரியுமுன் பரவும் நோய்

வாழையைப் பீடிக்கும் முடிக்கொத்து நோயை முதலில் கவனிப்போம். இந்நோய் கண்ட மரத்தில் இலைக்காம்பிலும் நரம்புகளிலும் கரும்பச்சை நிறமான புள்ளிகளும் சிறு கோடுகளும் தோன்றும். பின்னர் வரும் இலைகள் குறுகி, நிமிர்ந்து, மரத்தின் உச்சியில் கொத்தாகக் கூடி நிற்கும். மரம் குலை தள்ளாது. தள்ளினாலும் விலைக்கு உதவாது. இதைப் பரப்புவது வாழை அசுவினி என்னும் கருநிறச் சிறு பூச்சியாகும். நோய் கண்ட தாய் மரத்தின் பக்கக்கன்றுகளிலும் வைரஸ் இருப்பதால், கன்று மூலமாகவும் அது ஊர் விட்டு ஊர் செல்கிறது.

இதிலுள்ள அபாயம் யாதெனில், அசுவினி கடித்த அன்றே அடையாளம் தெரிவதில்லை. வைரஸ் உட்புகுந்த பின்பு மரம் மேலும் சில இலைகள் விட்ட பிறகே புள்ளிகளும் கோடுகளும் காணும். அதற்குள் அசுவினிகள் பக்கத்து மரங்களுக்குச் சென்றுவிடும். குடியானவர் ஒரு மரத்தை வெட்டும்போது அதைச் சுற்றிலுமுள்ள சில மரங்கள், பார்வைக்குச் செழிப்பாகவே நின்றுகொண்டு, நோயைத் தாங்கியிருக்கக்கூடும்.

பீஜித் தீவில் 1889-லும், இலங்கையில் 1913-லும் அறியப்பட்ட இந்நோய், 1940-ஐ ஒட்டி இலங்கையிலிருந்து கேரளத்திற்கு வந்ததாகக் கருதப்படுகிறது. பின்னர் நம் நாட்டிலும் பரவி, கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் பேர்போன விருப்பாட்சி, சிறுமலை வாழைகளின் சாகுபடியைப் பெரிதும் சுருங்கச் செய்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக அவ்வாழையை நம்பி வாழ்ந்த மலைக் குடிகள் வேறு பயிரை நாட வேண்டியதாயிற்று.

ஆஸ்திரேலியாவிலும் 1920-ஆம் ஆண்டுகளில் இந்நோயால் வாழைச் சாகுபடி ஏறக்குறைய அழியும் நிலையை அடைந்தது. மாகீ என்னும் ஆராய்ச்சியாளர், அசுவினியே நோயைப் பரப்புகிறது என்று நிரூபித்தார். அதன் பிறகு தோட்டந்தோறும் முறையாகச் சோதித்து, நோய் கண்ட மரத்தைக் கன்றுகளுடன் உடனே அழிக்க வேண்டுமென்று சட்டம் செய்து, அதை ஊரார் யாவரும் கைக்கொண்டதால் அங்கே வாழை மீண்டும் தழைத்தது. அவர்களிடம் மருந்தும் இல்லை. நூதன யந்திரமும் இல்லை. முன்னதாகக் காண்பதும் கூடிச் செயலாற்றுவதுமே அவர்களைக் காத்தன. இன்று நாம் ஆராயும் கருவி, இவ்விரண்டில் முதலாவதற்கு மட்டுமே துணை செய்யக்கூடியது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செடியின் வாசனை

பசும்புல்லை அறுத்தவுடன் எழும் மணம் எல்லோரும் அறிந்தது. செடி காயப்படும்போது அதன் இலையிலிருந்து ஆவியாகும் பொருள்களே அம்மணமாகும். காயமின்றி நிற்கும் செடியும் எந்நேரமும் பலவகை ஆவிகளைச் சிறிது சிறிதாக வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. அவை நம் மூக்குக்கு எட்டாத அளவில் இருப்பினும் பூச்சிகள் அவற்றை அறிந்துகொள்கின்றன.

நோய் வந்தால் இவ்வாவிகளின் அளவும் கலவையும் மாறும். புகையிலைச் செடியில் தேமல் வைரஸ் புகுந்தால், அச்செடி மெத்தில் சாலிசிலேட் என்னும் பொருளை ஆவியாக வெளிவிடுகிறது என்று 1997-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். வலி நீக்கும் தைலங்களில் சேரும் நறுமணப் பொருள் இதுவே. பக்கத்தில் நிற்கும் ஆரோக்கியமான புகையிலைச் செடிகள் இவ்வாவியை ஏற்று, நோயை எதிர்க்க ஆயத்தமாகின்றன என்பதும் அவ்வாராய்ச்சியில் கண்டது.

இதனினும் வியக்கத்தக்க செய்தி ஒன்று 2010-ல் வெளிவந்தது. வெள்ளரித் தேமல் வைரஸ் பீடித்த பூசணி வகைச் செடி, ஆரோக்கியமான செடியைக் காட்டிலும் மிகுதியாக ஆவிகளை வெளிவிடுகிறது. அவ்வாசனையால் அசுவினிகள் கவரப்பட்டு வருகின்றன. வந்து சாற்றைச் சுவைத்ததும், அது அவற்றுக்குப் பிடிக்காமையால் சீக்கிரமே வேறு செடிக்குப் பறந்துவிடுகின்றன. போகும்போது வாயில் வைரஸையும் கொண்டு செல்கின்றன. தன்னைப் பரப்புவதற்கு வைரஸ் செய்யும் தந்திரம்போல் இது அமைந்திருக்கிறது. பூச்சி முகர்ந்தறியும் வாசனையை ஒரு கருவி முகர்ந்தறியலாகாதா என்னும் கேள்வியே இம்முறைக்கு அடிப்படை.

கருவியின் அமைப்பு

இரசாயன உணரிகளில் பல வகைகள் உண்டு. அவற்றுள் நெடுநாள் வழக்கிலுள்ளது வெள்ளீய ஆக்ஸைடு உணரி. ஜப்பானியரான தகூச்சி என்பவர் 1962-ல் இதற்கு உரிமைப் பத்திரம் கோரினார். சமையல் வாயு கசிந்தால் மணியடித்து எச்சரிக்கும் கருவிகளில் இவ்வகை உணரி பயன்படுகிறது. வெள்ளீய ஆக்ஸைடுத் துகளைச் சூடேற்றி வைத்தால், காற்றிலுள்ள பிராணவாயு அதன்மேல் படிந்து மின்சார ஓட்டத்தைத் தடுக்கும். எரியக்கூடிய ஆவி ஏதேனும் வந்து பட்டால், படிந்திருந்த பிராணவாயு அதனுடன் சேர்ந்து நீங்கும். உடனே தடை குறைந்து மின்சாரம் எளிதாக ஓடும். இந்த ஏற்றத்தாழ்வை அளந்தால் ஆவியின் அளவு தெரியும்.

ஆனால் இவ்வுணரி, வந்த ஆவி இன்னதென்று தெளிவாகப் பிரித்துச் சொல்லாது; பல ஆவிகளுக்கும் ஏறக்குறைய ஒரே விதமாக மறுமொழி கூறும். இக்குறையை நீக்க, 1982-ல் இங்கிலாந்திலுள்ள வார்விக் சர்வகலாசாலையில் பெர்சாட், டாட் என்னும் இருவர் ஒரு வழி கண்டனர். வெவ்வேறு தன்மையுள்ள சில உணரிகளை ஒன்றாக வைத்தால், ஒவ்வோர் ஆவிக்கும் அவை கூடிக் காட்டும் அளவுகளின் கோலம் வேறுபடும். ஒரே உணரியைக் கேட்பது ஒரு சாட்சியை விசாரிப்பது போன்றது. பல உணரிகளைக் கேட்பது பல சாட்சிகளை விசாரித்து ஒத்திட்டுப் பார்ப்பது போன்றது. இவ்வாறு அமைந்த கருவிக்கு மின்னணு மூக்கு என்று பெயர்.

மற்றொரு வகையில், ஆவி பட்டால் நிறம் மாறும் சாயப் பொருள்களைக் காகிதப் பட்டையில் புள்ளிகளாக இட்டு, அந்நிறமாற்றத்தைக் கைப்பேசியால் படமெடுத்து ஆராய்கிறார்கள். அமெரிக்காவில் வட கரோலினா மாநில சர்வகலாசாலையார் 2019-ல் இம்முறையால் தக்காளியின் பின்பருவக் கருகல் நோயை அறியக் கூடுமென்று காட்டினர். அது வைரஸால் வரும் நோயன்று. எனினும் வழியைத் திறந்துவிட்டது. அதே ஸ்தாபனத்தார் 2023-ல் இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டத்தக்க, 30 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய பட்டையொன்றைச் செய்தனர். இலையின் அடியில் மூச்சுத்துளைகள் மிகுதியாதலால் ஆவியைப் பிடிக்க அவ்விடமே தகுந்தது. இலை விடும் ஆவியோடு, ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் இப்பட்டை தொடர்ந்து அளக்கிறது. இவ்வளவுகளைக் கணிப்பொறி ஆராய்ந்ததில், தக்காளியின் புள்ளி வாடல் வைரஸைக் கண்ணுக்கு அடையாளம் தெரிவதற்கு ஒரு வாரத்திற்கு மேல் முன்னதாகவே அறிய முடிந்தது. இதற்குக் குறைந்தது மூன்று உணரிகளின் அளவுகளைச் சேர்த்துப் பார்ப்பது அவசியமாயிருந்தது.

இச்செய்தி நமக்கு அந்நியமானதன்று. நம் நிலக்கடலையிலும் தக்காளியிலும் மொட்டுக் கருகலை உண்டாக்கும் வைரஸ், மேற்சொன்ன வைரஸின் இனத்தைச் சேர்ந்ததே. 1992 வரையில் அதுவே இதுவென்றும் எண்ணப்பட்டு வந்தது. இரண்டையும் பரப்புவது இலைப்பேன். ஆகையால் அங்கே தக்காளியில் பலித்த முறையை இங்கே கடலையிலும் பரீட்சித்துப் பார்ப்பது பொருத்தமானதே.

கருவிக்குப் பாடம் கற்பித்தல்

உணரிகள் தருவது எண்களை மட்டுமே. அவ்வெண்களைப் பார்த்து, "இது நோயுள்ள செடி, இது நோயற்ற செடி" என்று பிரிக்கும் வேலையைக் கணிப்பொறி செய்கிறது. எப்படிப் பிரிப்பது என்று அதற்கு ஒருவரும் விதி எழுதித் தருவதில்லை. நோயுள்ளவை என்றும் நோயற்றவை என்றும் முன்பே நிச்சயிக்கப்பட்ட ஏராளமான செடிகளின் அளவுகளை அதற்குக் கொடுக்கிறார்கள். அது அவ்வுதாரணங்களை ஒப்பிட்டு, வேறுபாட்டைத் தானே கண்டுகொள்கிறது. இதற்கு இயந்திரக் கற்றல் என்று பெயர்.

நம் நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் தேயிலையில் உண்டு. கல்கத்தாவிலுள்ள மத்திய அரசின் கணிப்பொறி வளர்ச்சி மையமான ஸீடாக், யாதவபூர் சர்வகலாசாலையுடன் சேர்ந்து, தேயிலையின் மணத்தை மதிப்பிடும் மின்னணு மூக்கை உண்டாக்கிற்று. தேர்ந்த தேநீர்ச் சுவைஞர்கள் ஒவ்வொரு மாதிரிக்கும் மதிப்பெண் இட்டனர். கருவி அதே மாதிரியை முகர்ந்து எண்களைத் தந்தது. இரண்டையும் இணைத்துக் கற்பித்ததால், சுவைஞர் இடும் மதிப்பைக் கருவி ஊகித்துச் சொல்லக் கற்றது. கருவிக்கு ஆசிரியர் அனுபவமுள்ள மனிதரே என்பது இதனால் விளங்கும். ஆசிரியர் பிழைபடச் சொன்னால் மாணாக்கனும் பிழைபடவே கற்பான்.

வாழை நோய்களுக்கும் இயந்திரக் கற்றல் உபயோகப்பட்டிருக்கிறது. துமைனி என்னும் கைப்பேசிச் செயலியைச் சர்வதேச ஆராய்ச்சி ஸ்தாபனங்கள், திருச்சி ஜில்லாவில் துறையூருக்கு அருகிலுள்ள இமயம் வேளாண்மைக் கல்லூரியின் துணையோடு அமைத்து, 2019-ல் வெளியிட்டன. ஆப்பிரிக்காவிலும் தென்னிந்தியாவிலும் எடுத்த ஆயிரக்கணக்கான வாழைப் படங்களால் அதற்குக் கற்பிக்கப்பட்டது. முடிக்கொத்து உட்பட முக்கியமான நோய்களைப் படத்தைப் பார்த்து அது அடையாளம் சொல்கிறது. ஆனால் படத்தில் தெரிய வேண்டுமானால் இலையில் அடையாளம் தோன்றியிருக்க வேண்டும். படம் பார்க்கும் கருவிக்கும் முகரும் கருவிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இயந்திரக் கற்றலில் மறைந்திருக்கும் ஒரு ஆபத்தை இங்கே சொல்ல வேண்டும். நோயுள்ள செடிகளையெல்லாம் காலையிலும், நோயற்றவற்றையெல்லாம் உச்சி வெயிலிலும் அளந்து கற்பித்தால், கருவி நோயைக் கற்காது, வெயிலைக் கற்கும். பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு வயலில் தடுமாறும். செடியின் வாசனை நேரத்துக்கு நேரமும், நீர் பாய்ச்சுவதற்கு முன்னும் பின்னும், புழு கடித்தாலும், உரம் இட்டாலும் மாறுகின்ற பொருள். ஆகையால் ஒரே வயலில், ஒரே நேரத்தில், ஒரே வகைச் செடிகளில் நோயுள்ளதையும் அற்றதையும் மாற்றி மாற்றி அளந்தே கற்பிக்க வேண்டும்.

கொருக்குப்பேட்டைக் காற்று

வயலை விட்டுக் கொருக்குப்பேட்டையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். சென்னைக் கடற்கரையிலிருந்து ராயபுரம் வழியாக வரும் இருப்புப்பாதையும், சென்ட்ரலிலிருந்து பேஸின் பாலம் வழியாக வரும் இருப்புப்பாதையும் கூடி வடக்கே கூடூரை நோக்கிச் செல்லும் சந்திப்பு அது. துறைமுகம் அருகில் உள்ளது. பயிர் நோய்கள் தாமாக நடந்து வருவதில்லை. கன்றாகவும் நாற்றாகவும் மனிதர் கையிலேயே பெரும்பாலும் வருகின்றன. இலங்கையிலிருந்து முடிக்கொத்து நோய் நம் நாட்டில் புகுந்த வரலாறே இதற்குச் சான்று. ஆகவே இத்தகைய வாயில்களில் கன்றுகளை முகர்ந்து சோதிக்கலாமே என்று யாருக்கும் தோன்றுவது இயல்பு. மேலும், வடக்கே பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து நிலங்களில் சிலவும் தொழிற்சாலைகளுக்கு அருகிலேயே இருக்கின்றன.

இப்போது ஒரு மின்னணு மூக்கைக் கொருக்குப்பேட்டையில் கொண்டு வந்து வைத்தால், அது எவற்றையெல்லாம் முகரும் என்று எண்ணிப் பாருங்கள். பக்கிங்ஹாம் கால்வாயில் தேங்கிய சாக்கடையின் கந்தக ஆவி, கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் நாற்றமும் புகையும், 1969 முதல் நடந்துவரும் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்துக் காற்று, லாரிகளின் புகை, கடற்காற்றின் ஈரம் ஆகிய யாவும் அங்கே கலந்திருக்கும். இவற்றின் நடுவே ஒரு வாழைக் கன்று விடும் அற்பமான ஆவி, சந்தை இரைச்சலில் ஒருவர் காதோடு சொல்லும் சொல்லைப் போன்றதாகும். வெள்ளீய ஆக்ஸைடு உணரி, காற்றிலுள்ள நீராவிக்குக்கூட மறுமொழி கூறும். கோயம்புத்தூர் வறண்ட காற்றில் கற்ற கருவி, கொருக்குப்பேட்டையின் ஈரக்காற்றில் நல்ல கன்றை நோயுற்றதென்றும், நோயுற்றதை நல்லதென்றும் மாற்றிச் சொல்லக்கூடும்.

இக்காற்றின் கொடுமை எத்தகையது என்பதற்கு, 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி இரவு எண்ணூரை அடுத்த பெரியகுப்பத்தில் நடந்தது சான்றாகும். உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறிய மக்கள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டனர். அத்தகைய வேளையில் இரசாயன உணரிக்கு முதற்கடமை மனித உயிரைக் காப்பதே. கன்றுச் சோதனை பின்னர்.

எனினும் இடையூறு உண்டென்பதால் முறையே வீண் என்று தள்ளுவது சரியன்று. அதைக் கடக்கும் உபாயங்கள் மூன்று உண்டு. முதலாவது, திறந்த வெளியில் முகராமல், இலையையோ கன்றையோ மணமற்ற உறையில் சிறிது நேரம் மூடிவைத்து, உறையினுள் சேர்ந்த ஆவியை மட்டும் அளப்பது. இரண்டாவது, ஒவ்வொரு செடியையும் அளக்குமுன் செடியில்லாத உறையை அளந்து, அவ்விடத்துக் காற்றின் பங்கைக் கழித்துவிடுவது. மூன்றாவது, எந்த இடத்தில் கருவி வேலை செய்ய வேண்டுமோ அந்த இடத்துச் செடிகளையும் அந்த இடத்துக் காற்றையும் கொண்டே அதற்குக் கற்பிப்பது. இம்மூன்றில் மூன்றாவதே முக்கியம். விற்பனைக்கு வரும் கருவி எவ்வூரில், எந்த ரகத்தில், எந்தப் பருவத்தில் கற்றது என்று கேட்டறியாமல் வாங்குவது, பூட்டைப் பாராமல் சாவியை வாங்குவதற்கு ஒப்பாகும்.

கருவி சொல்வதை எவ்வாறு கொள்வது

கருவி நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சரியாகச் சொல்லும் என்று விளம்பரம் கண்டால், பலர் அதை முற்றும் நம்பிவிடுவார்கள். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு தோட்டத்தில் 1,000 வாழைகள் இருப்பதாகவும், அவற்றுள் 10-ல் மட்டும் நோய் மறைந்திருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். கருவி, நோயுள்ளவற்றில் நூற்றுக்கு 90-ஐச் சரியாகக் காட்டும்; நோயற்றவற்றிலும் நூற்றுக்கு 90-ஐச் சரியாகக் காட்டும் என்று கொள்வோம். அப்படியானால் நோயுள்ள 10-ல் 9 அகப்படும். ஆனால் நோயற்ற 990-ல் 99-ஐயும் நோயுள்ளவை என்று தவறாகச் சொல்லும். ஆக, கருவி சுட்டிக்காட்டும் 108 வாழைகளுள் உண்மையில் நோயுள்ளவை 9 மாத்திரமே. கருவியை மட்டும் நம்பி 108-ஐயும் வெட்டினால், 99 நல்ல மரங்கள் வீணாகும். அப்படியும் நோயுள்ள மரம் ஒன்று தோட்டத்திலேயே நிற்கும்.

அப்படியானால் கருவியால் பயன் என்ன? 1,000 மரங்களையும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்க ஒருவராலும் இயலாது. 108-ஐச் சோதிப்பது இயலும். கருவி சந்தேகத்தைக் குறுக்கித் தருகிறது, தீர்ப்புச் சொல்வதில்லை. தீர்ப்புக்கு வேறு சோதனைகள் உண்டு. வைரஸைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைப் பூசிய பட்டையில் இலைச்சாற்றை விட்டால், நோயிருப்பின் கோடு தோன்றும். கொரோனா காலத்தில் பலரும் மூக்குநீரை எடுத்துச் செய்து பார்த்த பட்டைச் சோதனையும் இவ்வகையே. அதனினும் நுட்பமானது, வைரஸின் மரபுப் பொருளைப் பன்மடங்காகப் பெருக்கிக் காணும் பி.சி.ஆர். சோதனை. கருவி, பட்டை, பி.சி.ஆர். என்று படிப்படியாகச் செல்வதே சிக்கனமும் பத்திரமுமான வழி.

சட்டமும் கிராம உத்தியோகஸ்தர்களும்

நோயை அறிந்த பின்பு ஒருவர் அழித்து, பக்கத்து நிலத்தார் அழியாது விட்டால் உழைப்பு வீணாகும். இதை உணர்ந்தே நம் மாகாணத்தில் 1919-லேயே விவசாயப் பூச்சிகள் மற்றும் நோய்கள் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு பூச்சியையோ நோயையோ குறிப்பிட்ட பகுதிக்கு அறிவிக்கை செய்து, நிலத்தை அனுபவிப்போர் இன்ன நடவடிக்கை எடுக்க வேண்டுமென்று உத்தரவிட அரசுக்கு இச்சட்டம் அதிகாரம் தருகிறது. பருத்திப் பூச்சிகளை ஒழிக்க, கம்போடியாப் பருத்தி மார்களைக் குறித்த தேதிக்குள் பிடுங்கிவிட வேண்டுமென்ற ஏற்பாடு இச்சட்டத்தின்படி நடந்ததே. ஆனால் சட்டத்தின் கை நீளுமுன் நோய் எங்கிருக்கிறது என்ற செய்தி வர வேண்டும். அது கிராமத்திலிருந்தே வர வேண்டும்.

இங்கே கிராம நிர்வாக அலுவலர்களுக்கு ஒரு முக்கியமான பங்கு உண்டு. மேலே கூறியபடி கருவிக்குக் கற்பிப்பதற்கு நம்பத்தக்க உதாரணங்கள் தேவை. எந்தச் சர்வே நம்பரில், எந்தப் பயிர், எப்போது நட்டது, எப்போது நோய் கண்டது என்பவை சரியாகப் பதிவாயிருந்தாலன்றி எந்த நூதன சாதனமும் பயன் தராது. அடங்கலில் பயிரைப் பார்வையிடாமலே முன்வருஷத்துக் கணக்கை நகலெடுத்து எழுதினால், அத்தவறு கணிப்பொறிக்குள்ளும் சென்று, அங்கிருந்து நூறு கிராமங்களுக்குத் தவறான எச்சரிக்கையாகத் திரும்பி வரும். நோயைச் சொன்னால் விளைச்சலுக்கு விலை கிடைக்காது என்று அஞ்சிக் குடியானவர் மறைப்பதும் இதே தீங்கை விளைக்கும். மறைக்கப்பட்ட ஒரு மரம், வெளியிடப்பட்ட பத்து மரங்களைவிட ஊருக்கு அதிகக் கேடு செய்யும்.

இப்போதே செய்யத்தக்கவை

முகரும் கருவி நம் தோட்டங்களுக்கு வரும் வரையில் கைகட்டி இருக்க வேண்டுவதில்லை. பின்வருவனவற்றை இன்றே கைக்கொள்ளலாம்.

1. நோய் கண்ட தோட்டத்திலிருந்து பக்கக்கன்று எடுக்கலாகாது. திசு வளர்ப்புக் கன்று வாங்கினால், அது வைரஸ் சோதனை செய்யப்பட்டதற்குரிய சான்றுச் சீட்டு உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். இதற்கென மத்திய அரசின் சான்றளிப்பு முறை 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது.

2. வாழைத் தோட்டத்தை அடிக்கடி சுற்றி வந்து, இலைக்காம்பிலும் நரம்பிலும் கரும்பச்சைக் கோடுகள் உள்ளனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். குருத்தின் அடியிலும் காம்பின் இடுக்கிலும் அசுவினி உண்டா என்றும் கவனிக்க வேண்டும்.

3. நோய் கண்ட மரத்தை அப்படியே வெட்டிச் சாய்க்கலாகாது. சாய்த்தால் அசுவினிகள் கலைந்து மற்ற மரங்களுக்குச் செல்லும். முதலில் பூச்சிமருந்து தெளித்து அசுவினிகளைக் கொன்று, பிறகு மரத்தைக் கிழங்கோடும் பக்கக்கன்றுகளோடும் தோண்டி எடுத்து, மீண்டும் முளையாதபடி துண்டு துண்டாக நறுக்கி அழிக்க வேண்டும்.

4. வெண்டை, உளுந்து ஆகியவற்றில் மஞ்சள் தேமலைப் பரப்புவது வெள்ளை ஈ. நெல்லில் துங்ரோ நோயைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. இப்பயிர்களில் தேமலோ மஞ்சள் நிறமோ கண்டவுடன் உரக்குறைவென்று எண்ணிக் காலம் கடத்தாமல், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திற்கோ தோட்டக்கலை அலுவலருக்கோ அறிவிக்க வேண்டும்.

5. சந்தேகத்திற்குரிய வாழை இலை மாதிரிகளைப் பற்றித் திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தாரையும், மற்றப் பயிர்களைப் பற்றிக் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரையும், அலுவலர் மூலமாகக் கலந்துகொள்ளலாம்.

6. ஆராய்ச்சியாளர் எவரேனும் உணரிக் கருவியைப் பரீட்சிக்க நிலத்திற்கு வந்தால், நோயுள்ள செடிகளோடு ஆரோக்கியமான செடிகளையும் அளக்க இடந்தர வேண்டும். நட்ட தேதி, நீர், உரம், மருந்து ஆகியவற்றின் விவரங்களை மறைக்காமல் கூற வேண்டும்.

முகர்ந்தறியும் கருவி நல்லதொரு துணை. கண்ணுக்கு ஒரு வாரம் முந்திச் செல்லும் அதன் திறமை, மலை வாழையை இழந்தவர்களுக்கு முன்னமே கிடைத்திருந்தால் எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் அக்கருவி மரத்தைப் பிடுங்காது. பக்கத்து நிலத்தாரிடம் சொல்லவும் சொல்லாது. ஒரு வாரம் முந்தி அறிந்துகொண்டு ஒரு மாதம் தாமதித்துச் செயலாற்றுவோமாயின், அறிந்ததும் அறியாததும் ஒன்றே. கருவி மிச்சப்படுத்தித் தரும் நாட்களை வீணாக்காமல் காரியத்தில் செலவிடுவது குடியானவர்களின் கையிலும், ஊராரை ஒன்றுசேர்ப்பது கிராம உத்தியோகஸ்தர்களின் கையிலும் இருக்கிறது.